காவல்காரரின் குழூஉக்குறி

பேரன் பிறந்த சமயம் நானும் என் மனைவியும் மூன்று மாத காலம் அமெரிக்காவில் இருந்தோம். என் பெண்ணும் மாப்பிள்ளையும் இல்லினாய் மாகாணத்தில் அர்பானா என்ற பல்கலைக் கழக ஊரின் விளிம்பில் குடியிருந்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டுவது, மருந்து உரைப்பது, தாலாட்டுவது எல்லாம் மனைவியின் இலாகா. சாம்பிராணி மட்டும் போட முடியவில்லை. போட்டால் கூரையில் இருக்கும் புகை மணி அலறும், தீயணைப்பு வண்டி வந்து வாசலில் நிற்கும் என்று பெண் பயமுறுத்திவிட்டாள். எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஜன்னல் வழியாகச் சோளக் கொல்லையைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பிரதேசத்தில் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லை. கண்ணுக்கு எட்டிய வரையில் சோளம். அது முடிந்தால் சோயா மொச்சை.

என் நிலைமையைப் பார்த்து இரங்கிய மாப்பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மாமா, புறப்படுங்கள். சரித்திரப் பிரசித்தி பெற்ற ஓர் ஊரைக் காட்டுகிறேன்" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். தெற்கே போகும் பெரிய சாலையில் இருபது நிமிஷம் கார் ஓடியது. பெஸோட்டம் என்று பலகை வந்தது. ரயில் பாதை, தானியம் சேமிக்கும் உயரமான களஞ்சியம், அதைச் சுற்றிச் சில வீடுகள். 500 பேருக்குச் சற்று அதிகம் இருக்கும் ஜனத்தொகை. நம் ஊர்க் கணக்கில் இரண்டு தெரு.

"இதில் என்ன சரித்திரம்?" என்று கேட்டேன்.

"இங்கேதான் மாமா, டென்-போர் பிறந்தது" என்றார் மாப்பிள்ளை.

எங்கேயாவது ஒரு கல்லிலோ பலகையிலோ அதைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். என் கண்ணில் படவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மை. வீட்டுக்குத் திரும்பிய பிறகு அந்த விஷயத்தைத் துருவிப் படித்தேன். படிக்கப் படிக்க, ஒரு நாவலுக்குக் கூட இவ்வளவு நல்ல கரு கிடைக்காது என்று தோன்றியது.

அமெரிக்கப் படம் பார்க்கிற நேயர்களுக்கு டென்-போர் பழக்கமான வார்த்தையாகத்தான் இருக்கும். போலீஸ்காரன் காரில் உட்கார்ந்துகொண்டு ஒலிவாங்கியை வாய்க்கு நேரே பிடித்து, "டென்-போர்" என்பான். பத்து-நாலு. "சரி, கேட்டது" என்பது அதன் பொருள். "சரி" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே, அதற்கு ஏன் பத்தும் நாலும் என்று நமக்குத் தோன்றும். அப்படித் தோன்றுவது நியாயம் என்று அமெரிக்க சர்க்காரே ஒப்புக்கொள்வதற்குச் சுமார் எழுபது வருஷம் பிடித்தது. நடுவில் எத்தனையோ பேர் தீயிலும் புகையிலும் மடிந்தார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

நம் இலக்கணக்காரர்கள் இந்த மாதிரிப் பேச்சுக்கு எப்போதோ ஒரு பெயர் வைத்துவிட்டார்கள்: குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி ஒரு பொருளின் வழக்கமான பெயரை ஒழித்து வேறு பெயரால் சொல்வது. பள்ளிக்கூடத்தில் படித்த உதாரணங்கள் ஞாபகம் இருக்கலாம். பொற்கொல்லர் பொன்னைப் "பறி" என்பார்கள். யானைப் பாகர் ஆடையைக் "காரை" என்பார்கள். வேடர் கள்ளைச் "சொல்விளம்பி" என்பார்கள். கள்ளுக்கு அப்படி ஒரு பெயர் வைத்த வேடன் ரசிகன்தான். குடித்தவன் வாய் தானாகப் பேசும் அல்லவா? பொற்கொல்லர் ஏன் பொன்னைப் பொன் என்று சொல்லவில்லை என்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. எதிரே வாடிக்கைக்காரர் உட்கார்ந்திருக்கிறார்! ஆனால் அமெரிக்கப் போலீஸாரின் குழூஉக்குறி அப்படிப் பிறந்ததல்ல. ஒளிப்பதற்காகப் பிறக்கவில்லை, ஓர் இயந்திரத்தின் சோம்பலிலிருந்து பிறந்தது.

1928-ம் வருஷம் ஏப்ரல் 7-ம் தேதி டெட்ராய்ட் நகரத்துப் போலீஸார் தங்கள் கார்களுக்கு ரேடியோ மூலம் செய்தி அனுப்பும் நிலையத்தை ஒழுங்காக நடத்தத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு பல வருஷங்கள் பரிசோதனை நடந்தது. அந்த நாளில் இவர்களுக்குக் கிடைத்த லைசென்ஸ் பொழுதுபோக்கு நிலையத்துக்கான லைசென்ஸ். ஆகவே "திருட்டுக் கார் போகிறது, பிடி" என்ற செய்திகளுக்கு நடுவே போலீஸ் நிலையம் சங்கீதமும் வைக்க வேண்டியிருந்ததாம். 1928-ல் வந்த ஏற்பாட்டிலும் ஒரு குறை. செய்தி காருக்குப் போகும். காரிலிருந்து பதில் வராது. கேட்டானா, கேட்கவில்லையா, உயிரோடு இருக்கிறானா என்பது தலைமை நிலையத்துக்குத் தெரியாது. பதில் சொல்ல வேண்டுமானால் போலீஸ்காரன் டெலிபோனைத் தேடிப் போக வேண்டும். 1933-ல் நியூஜெர்ஸி மாகாணத்தில் பேயோன் என்ற ஊரில்தான் காரிலிருந்தும் திருப்பிப் பேசும் வசதி நடைமுறைக்கு வந்தது.

பேச வசதி வந்ததும் புதுத் தொல்லையும் வந்தது. அந்தக் காலத்து ரேடியோவில் வால்வுகள். அவற்றுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் வேண்டும். கார் பாட்டரி கொடுப்பதோ சொற்பம். அந்தச் சொற்பத்தைப் பெரிதாக்குவதற்கு ஒரு சிறு சுழல் மோட்டார் வைத்திருந்தார்கள். பேசுவதற்குப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் சுழல ஆரம்பித்து, வேகம் பிடித்து, வால்வு முழுப் பலத்தோடு விழித்துக்கொள்ள ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரையில் ஆகும். கால் விநாடி என்ன பிரமாதம் என்று நினைக்கலாம். ஒரு வார்த்தையின் தலை போய்விட அது போதும். "வராதே" என்பதில் முன்னெழுத்துக்கள் போனால் "தே" மட்டும் கேட்கும். பொத்தானை அழுத்தி, கொஞ்சம் பொறுத்துப் பிறகு பேசு என்று போலீஸ்காரர்களுக்குச் சொல்லித்தான் பார்த்தார்கள். துரத்திக்கொண்டு போகிறவன் எங்கே பொறுப்பான்?

பெஸோட்டத்தில் இல்லினாய் மாகாணப் போலீஸின் பத்தாவது வட்டத்து அலுவலகம் இருந்தது. அங்கே செய்திப் போக்குவரத்துக்கு அதிகாரியாக இருந்தவர் சார்லஸ் ஹாப்பர். 1937-ல் அவருக்கு ஒரு யுக்தி தோன்றியது. தலை போவதைத் தடுக்க முடியாவிட்டால், போனாலும் மோசமில்லாத ஒரு தலையை முன்னால் வைத்துவிடலாமே! எல்லாச் செய்திக்கும் முன்னால் "டென்" என்று ஒரு சொல். அதற்குப் பொருளே கிடையாது. மோட்டார் அதைச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். அதற்குப் பிறகு வரும் எண்தான் விஷயம். நம் கதாகாலட்சேபக்காரர்கள் "ஆகப்பட்டது" என்று ஒரு சொல்லை இழுப்பார்கள் அல்லவா? அதற்குள் அடுத்த வாக்கியம் ஞாபகத்துக்கு வந்துவிடும், பின்பாட்டுக்காரரும் தாளத்தைச் சரி பண்ணிக்கொள்வார். ஹாப்பரின் "டென்" அந்த ஜாதியைச் சேர்ந்தது.

யுக்தி நன்றாக வேலை செய்தது. போலீஸ் ரேடியோ அதிகாரிகளின் சங்கம் ஒன்று 1935-ல் ஏற்பட்டிருந்தது. அந்தச் சங்கம் 1937-லிருந்து 1940 வரையில் உட்கார்ந்து பட்டியல் தயாரித்தது. பத்து-நாலு என்றால், கேட்டது. பத்து-ஏழு, பணியில் இல்லை. பத்து-எட்டு, பணிக்குத் திரும்பிவிட்டேன். பத்து-ஒன்பது, திருப்பிச் சொல். பத்து-இருபது, இருக்கும் இடம். ஒரே அலைவரிசையில் எத்தனையோ கார்கள் வாய் திறக்கக் காத்திருந்த நாளில், அரை வாக்கியத்தை இரண்டு எண்ணில் முடிப்பது பெரிய தர்மம் என்றே சொல்ல வேண்டும்.

பிறகு இயந்திரம் குணமாகிவிட்டது. 1940-ல் கனெக்டிகட் மாகாணப் போலீஸுக்கு டேனியல் நோபிள் என்ற பேராசிரியர் அமைத்துக் கொடுத்த எப்.எம். ரேடியோவில் இரைச்சல் அடங்கிப் பேச்சு தெளிவாகக் கேட்டது. யுத்தத்துக்குப் பிறகு டிரான்ஸிஸ்டர் வந்தது. சுழல் மோட்டாருக்கு வேலை போயிற்று. ஆனால் "டென்" போகவில்லை. காரணம் இறந்த பிறகும் காரியம் நடந்துகொண்டே இருப்பதில் நமக்கு ஆச்சரியம் வேண்டியதில்லை. பூனையைக் கட்டிவைத்துத் திவசம் பண்ணின கதை நமக்குத் தெரியும்.

காரணம் போனதோடு, மோகமும் வந்து சேர்ந்தது. 1955 முதல் 1959 வரையில் "ஹைவே பட்ரோல்" என்ற தொடர் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடியது. பிராடரிக் கிராபோர்ட் என்ற பருமனான நடிகர் கார்க் கதவில் சாய்ந்துகொண்டு "டென்-போர்" என்று உறுமுவார். தேசத்துக் குழந்தைகள் எல்லாம் அதைச் சொல்லின. எழுபதுகளில் லாரி ஓட்டுகிறவர்கள் சொந்தமாகச் சிறு ரேடியோ வைத்துக்கொண்டு போலீஸ் பாஷையையே பேச ஆரம்பித்தார்கள். பொற்கொல்லர் தெருவுக்கு வெளியே ஊர் முழுவதும் பொன்னைப் "பறி" என்று சொல்ல ஆரம்பித்துவிட்ட மாதிரி.

எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர் இருந்தார். மாலையில் நாயை இழுத்துக்கொண்டு நடப்பார். உண்மையில் நாய்தான் அவரை இழுத்துக்கொண்டு போகும். நானும் நடப்பேன். என் இங்கிலீஷ் அவருக்கும், அவர் இங்கிலீஷ் எனக்கும் பழகுவதற்குப் பத்து நாள் ஆயிற்று. ஹாப்பரைப் பற்றி நான் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "என் மனைவி சாப்பிட வா என்று கூப்பிட்டால் இன்னும் டென்-போர் என்றுதான் சொல்கிறேன்" என்றார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் இரவெல்லாம் கண் விழித்துப் பட்டியலை உருப்போட்டாராம். அதைத் தடுமாறாமல் சொல்ல வந்த பிறகுதான் பழைய ஆட்கள் தம்மை மனிதனாக மதித்தார்கள் என்றார். அவர் சொன்னதில் நிறைய உண்மை இருக்கிறது. குழூஉக்குறி என்பது பேச்சு மட்டும் அல்ல. பூணூல் மாதிரி, யூனிபாரம் மாதிரி அது ஒரு சின்னம்.

ஆனால் சின்னம் ஊருக்கு ஊர் மாறுகிறதே! அதுதான் வினை. சங்கம் ஒரு பட்டியலைப் போட்டது. ஒவ்வொரு நகரமும் தன் சௌகரியத்துக்கு அதைத் திருத்திக்கொண்டது. பத்து-பதின்மூன்று என்பதைப் பாருங்கள். சங்கத்துப் பட்டியலில் அதற்கு, வானிலையும் சாலை நிலைமையும் எப்படி என்று தெரிவி, என்று அர்த்தம். நியூயார்க் போலீஸில் அதே பத்து-பதின்மூன்றுக்கு, போலீஸ்காரன் ஆபத்தில் இருக்கிறான், உதவிக்கு ஓடி வா, என்று அர்த்தம். அந்த எண் காதில் விழுந்தால் அங்கே சுற்றுவட்டாரத்துக் கார்கள் அத்தனையும் அலறிக்கொண்டு பறக்கும். சிகாகோவில் அப்படி உயிருக்கு மன்றாடும் எண் பத்து-ஒன்று. சங்கத்துப் பட்டியலில் பத்து-ஒன்று என்றால், நீ பேசுவது சரியாகக் கேட்கவில்லை என்று பொருள். சிகாகோக்காரன் ஒருவன் வெளியூரில் அகப்பட்டுக்கொண்டு தன் ஊர் வழக்கப்படி பத்து-ஒன்று, பத்து-ஒன்று என்று கதறினால், கேட்கிற வெளியூர்க்காரன் என்ன நினைப்பான்? ரேடியோவில் ஏதோ கோளாறு போலிருக்கிறது என்று குமிழைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

எண்ணுக்கு இன்னொரு தோஷமும் உண்டு. இதை நான் என் கல்யாணத்திலேயே அனுபவித்திருக்கிறேன். நம் தந்தி இலாகாவில் வாழ்த்துத் தந்திக்கு எண் வரிசை இருந்தது. கல்யாணத்துக்கு ஓர் எண், பரீட்சை தேறினதற்கு ஓர் எண், பண்டிகைக்கு ஓர் எண். அனுப்புகிறவர் எண்ணைக் குறித்துக் கொடுத்தால் போதும், போய்ச் சேருகிற இடத்தில் அதற்குரிய வாசகத்தை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். என் பெரியப்பா ஒருவர் வடக்கேயிருந்து கல்யாணத்துக்குத் தந்தி அடித்திருந்தார். வழியில் எங்கேயோ எண் தவறிவிட்டது. தாலி கட்டின கையோடு பிரித்துப் பார்த்தால், தேர்தலில் நான் ஜயித்ததற்குப் பாராட்டு வந்திருந்தது. பந்தலில் ஒரே சிரிப்பு. என் மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. 2013 ஜூலையில் தந்தியையே மூடிவிட்டார்கள். எண்களும் அதோடு போயின. வார்த்தையில் ஓர் எழுத்துத் தவறினால் காது அதைத் தானே திருத்திக்கொள்ளும். "கலியணம்" என்று இருந்தாலும் கல்யாணம் என்று புரிந்துவிடும். எண்ணில் ஒன்று தவறினால் அதுவும் ஓர் எண்தான். அதற்கும் ஓர் அர்த்தம் இருக்கும். தவறு என்று சந்தேகப்படவே இடமில்லை. கல்யாணப் பந்தலில் இது தமாஷ். புகையின் நடுவில் நிற்கிறவனுக்குத் தமாஷ் அல்ல.

இதை முதலில் உணர்ந்தவர்கள் போலீஸார் அல்ல, தீயணைப்பவர்கள். 1970-ம் வருஷம் செப்டம்பர் கடைசியில் கலிபோர்னியாவில் காட்டுத்தீ பிடித்தது. வறண்ட காற்று அடித்துக்கொண்டிருந்தது. பதின்மூன்று நாளில் 16 பேர் மாண்டார்கள். 700-க்கு மேற்பட்ட கட்டிடங்கள் சாம்பலாயின. ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரிந்துபோயிற்று. ஆள் பலம் இல்லாமல் இல்லை. நகரத்துப் படை, ஜில்லாப் படை, மாகாணப் படை, மத்திய சர்க்காரின் வனத்துறைப் படை எல்லாம் வந்து குவிந்தன. வந்தவர்களுக்கு ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியவில்லை. ரேடியோ அலை வேறு, குறி வேறு, ஒரே சாமானுக்குப் பெயர் கூட வேறு. "டாங்கர்" என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சில பிரதேசங்களில் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரி என்று பொருள். மேற்குப் பிரதேசத்தில் ஆகாயத்திலிருந்து மருந்து நீரைக் கொட்டும் விமானம் என்று பொருள். மலைச் சரிவில் நின்றுகொண்டு ஒரு டாங்கர் அனுப்பு என்று கேட்டால், லாரியா வரும், விமானமா வரும்?

அமெரிக்கப் பாராளுமன்றம் பணம் ஒதுக்கி, இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கும்படி வனத்துறையின் ஆராய்ச்சியாளர்களைக் கேட்டுக்கொண்டது. அவர்களும் கலிபோர்னியாவின் தீயணைப்புப் படையினரும் சேர்ந்து எழுபதுகளில் ஒரு திட்டத்தை வகுத்தார்கள். பல படைகள் சேர்ந்து வேலை செய்தால் யார் தலைவர், யாருக்கு யார் பதில் சொல்வது என்றெல்லாம் அதில் விவரமாக இருக்கிறது. அதற்கு நடுவே சாதுவாக ஒரு விதி: சாமான்களுக்கு எல்லோரும் ஒரே பெயர் சொல்ல வேண்டும், ரேடியோவில் குறி இல்லாமல் சாதாரண இங்கிலீஷ் பேச வேண்டும். டாங்கர் என்றால் இனிமேல் விமானம். லாரிக்கு "டெண்டர்" என்று பெயர். பார்ப்பதற்கு அற்ப விதி. இந்த அற்ப விதிக்குப் பதினாறு உயிர் விலை.

போலீஸார் அசையவில்லை. அவர்கள் அசைவதற்கு 2001-ம் வருஷம் செப்டம்பர் 11-ம் தேதி வர வேண்டியிருந்தது. அன்று நியூயார்க்கில் நடந்ததை நான் வர்ணிக்க வேண்டியதில்லை. ஒரு விஷயத்தை மட்டும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அன்று 343 தீயணைப்பு வீரர்கள் மாண்டதற்கு எண் பாஷைதான் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். அது அவ்வளவு சரியல்ல. போலீஸ் ஹெலிகாப்டரில் பறந்தவர்கள் கோபுரத்தின் நிலைமையைக் கண்ணால் பார்த்து எச்சரித்தார்கள். அந்த எச்சரிக்கை கீழே இருந்த தீயணைப்புத் தலைவர்களுக்கு எட்டவே இல்லை, ஏனென்றால் இரண்டு இலாகாவின் ரேடியோவுக்கும் தொடர்பு கிடையாது. எட்டாத பேச்சு எந்தப் பாஷையில் இருந்தால் என்ன? தெற்குக் கோபுரம் 9 மணி 59 நிமிஷத்துக்கு விழுந்தது. வடக்குக் கோபுரம் 10 மணி 28 நிமிஷத்துக்கு. இடையில் இருந்த அந்த அரை மணியில், பக்கத்துக் கோபுரம் விழுந்துவிட்டது என்பதே தெரியாமல் வடக்குக் கோபுரத்தின் மாடிப் படிகளில் வீரர்கள் நின்றிருந்தார்கள்.

ஆனாலும் அந்த நாள் எல்லோருக்கும் ஒரு பாடத்தைக் கற்பித்தது. இனிமேல் எந்தப் பெரிய விபத்துக்கும் ஓர் ஊர்ப் படை, ஓர் இலாகா மட்டும் வரப்போவதில்லை. முன்பின் அறியாதவர்கள் தோளோடு தோள் நின்று வேலை செய்ய வேண்டும். 2003 பிப்ரவரி 28-ம் தேதி ஜனாதிபதி புஷ் ஓர் ஆணை பிறப்பித்தார். அதன்படி கலிபோர்னியாக்காரர்களின் பழைய திட்டத்தை அடிப்படையாகக் கொண்டு 2004 மார்ச்சில் தேசம் முழுவதற்கும் ஒரு முறை வகுக்கப்பட்டது. அதிலும் அந்தச் சாதுவான விதி இருந்தது. இந்தத் தடவை அதற்குப் பல்லும் முளைத்திருந்தது. பல இலாகாக்கள், பல ஊர்கள் கூடிச் செய்யும் வேலையில் சாதாரணப் பேச்சைப் பேசாத படைக்கு, 2006-ம் நிதியாண்டு முதல் மத்திய சர்க்காரின் மானியம் கிடையாது.

மானியம் என்றதும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கூச்சலும் கிளம்பியது. போலீஸ்காரர்கள் சொன்ன ஆட்சேபங்களைப் பழமைப் பற்று என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. சந்தேகத்தின் பேரில் ஒருவனை நிறுத்தி வைத்திருக்கிறான் போலீஸ்காரன். இடுப்பிலுள்ள ரேடியோ, "நீ பிடித்திருப்பவன் கொலைகாரன்" என்று பச்சையாகச் சொன்னால், அதை முதலில் கேட்பவன் அந்தக் கொலைகாரன்தான். எண்ணில் சொன்னால் ஒரு நொடி அவகாசம் கிடைக்கும். அந்த நொடியில் போலீஸ்காரனின் உயிர் இருக்கிறது. செத்துக்கிடப்பவன் வீட்டு வாசலில், அவன் மனைவி பக்கத்தில் நிற்கும்போது, ரேடியோவில் என்ன சொல்வது? இவை யோசிக்க வேண்டிய விஷயங்கள். ஊரார் ஒட்டுக்கேட்பார்கள் என்ற வாதம் மட்டும் பலவீனமானது. போலீஸ் ரேடியோவை ஒட்டுக்கேட்பது அமெரிக்காவில் வெகுநாளாகப் பலருக்குப் பொழுதுபோக்கு. அவர்களிடம் பட்டியல் அச்சாகவே இருந்தது. புதுப் போலீஸ்காரனை விட அவர்களுக்கு எண்கள் நன்றாகத் தெரியும்.

கடைசியில் சமரசம். பலர் கூடும் பெரிய சம்பவங்களில் சாதாரணப் பேச்சு கட்டாயம். தினசரி வேலையிலும் அப்படியே பேசுவது நல்லது. பழக்கத்தில் இல்லாத பேச்சு ஆபத்து நேரத்தில் வாயில் வராது. ஆனால் அது கட்டாயமல்ல. ஆகவே சில மாகாணங்கள் பட்டியலை அடியோடு கிழித்துப் போட்டன. சில ஊர்கள் தலையைத் தலையை ஆட்டிவிட்டுப் பழையபடியே பேசிக்கொண்டிருக்கின்றன. நியூயார்க் போலீஸ்காரனுக்கு ஆபத்து என்றால் இன்றைக்கும் பத்து-பதின்மூன்றுதான்.

இத்தனையும் படித்தபோது ஓர் எழுத்தாளன் என்ற முறையில் நான் உள்ளூறச் சந்தோஷப்பட்டேன். எளிய பேச்சு ஜயித்தது அல்லவா? ஆனால் அந்தச் சந்தோஷம் நெடுநேரம் நிலைக்கவில்லை. அதே நியூயார்க்கில் 1990 ஜனவரி 25-ம் தேதி நடந்த ஒரு விபத்தைப் பற்றியும் படிக்க நேர்ந்தது. கொலம்பியா தேசத்திலிருந்து வந்த அவியாங்கா கம்பெனி விமானம் ஒன்று, மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்தில் வட்டமிட வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டே வந்தது. துணை விமானி அதைத் தரைக்குச் சொன்னார். எண்ணிலா சொன்னார்? இல்லை. எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது என்று எல்லோருக்கும் புரியும் இங்கிலீஷில்தான் சொன்னார். ஆனால் "எமர்ஜென்ஸி" என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. "மேடே" என்றும் சொல்லவில்லை. கேட்டவர்களுக்குப் பதற்றம் உண்டாகவில்லை. எல்லா விமானத்துக்கும்தான் எண்ணெய் தீர்ந்துகொண்டிருக்கிறது! விமானம் லாங் ஐலண்டில் ஒரு குன்றுச் சரிவில் விழுந்தது. இருந்த 158 பேரில் 73 பேர் மாண்டார்கள்.

மேடே என்பதும் குழூஉக்குறிதான். இருபதுகளில் லண்டனுக்குப் பக்கத்தில் குராய்டன் விமான நிலையத்தில் ரேடியோ அதிகாரியாக இருந்த மாக்போர்ட் என்பவர் கண்டுபிடித்தது. தந்தியில் எஸ்.ஓ.எஸ். என்று அடிப்பது சுலபம். வாயால் சொன்னால் "எஸ்" என்ற ஒலி இரைச்சலில் கரைந்துவிடும். அங்கே போகிற வருகிற விமானங்களில் பெரும்பாலும் பாரிஸ் போக்குவரத்து. ஆகவே "எனக்கு உதவி செய்" என்ற பிரெஞ்சு மொழியின் ஒலியை எடுத்து, இங்கிலீஷ்காரன் வாயிலும் வரும்படி "மேடே" என்று வைத்தார். 1927-ல் உலக நாடுகள் அதை ஒப்புக்கொண்டன. அதற்கும் ஹாப்பரின் எண்ணுக்கும் ஒரே வித்தியாசம்: மேடேயின் பொருள் எந்த ஊரிலும் மாறவில்லை. மாற்ற எவனுக்கும் உரிமை கொடுக்கவில்லை.

செப்டம்பர் 11-ம் தேதி விபத்தை விசாரித்த கமிஷனின் அறிக்கையிலும் இதற்குச் சம்பந்தமான ஒரு செய்தி இருக்கிறது. தெற்குக் கோபுரம் விழுந்தவுடன் வடக்குக் கோபுரத்தில் இருந்த தலைவர் ஒருவர் எல்லோரும் வெளியேறுங்கள் என்று ரேடியோவில் உத்தரவிட்டார். தெளிவான வார்த்தைகள், யாருக்கும் புரியும். ஆனால் மிக அவசரமான வெளியேற்றத்துக்கு முன்னால் மூன்று தடவை மேடே என்று சொல்ல வேண்டும் என்பது அவர்கள் படையின் விதி. அது சொல்லப்படவில்லை. பக்கத்துக் கோபுரம் விழுந்துவிட்டது என்பதும் சொல்லப்படவில்லை. கேட்டவர்களில் சிலர் உடனே இறங்கினார்கள். சிலர் நிதானமாக இறங்கினார்கள். அந்தத் தலைவரைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. தன் தலை மேல் என்ன விழுந்துகொண்டிருக்கிறது என்று அவருக்கே தெரியாத நேரம் அது.

ஊருக்குத் திரும்புவதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டுப் போலீஸ்காரரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். நான் படித்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தாம் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷங்களுக்கு முன் தம் படையும் எண்களை விட்டுவிட்டதாகச் சொன்னார். முதல் ஒரு மாதம் எல்லோரும் திக்கித் திணறினார்களாம். வாயைத் திறந்தால் "டென்" வந்து நிற்குமாம். விழுங்கிவிட்டு, வாக்கியத்தைத் தேட வேண்டும். "பிறகு பழகிவிட்டது. இளம்பிள்ளைகளுக்கு அந்த எண்களே தெரியாது" என்றார்.

கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். நாய் அவர் காலடியில் படுத்திருந்தது. பிறகு, ஒன்றை மட்டும் தாங்கள் மாற்றவில்லை என்று சொன்னார். பணியில் ஒரு போலீஸ்காரன் உயிரை விட்டால், அடக்கத்தின்போது எல்லாக் கார்களிலும் ரேடியோவைத் திறந்து வைப்பார்களாம். தலைமை நிலையத்திலிருந்து அவனுடைய எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பதில் வராது. மறுபடி கூப்பிடுவார்கள். மூன்றாம் தடவை பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பிறகு, இன்னார் பத்து-ஏழு என்று அறிவித்துவிட்டுத் தேதியையும் மணியையும் சொல்வார்கள். சாப்பாட்டுக்குப் போகும்போது தினமும் சொல்கிற அதே பத்து-ஏழு. தங்கள் ஊரில் இப்போது எல்லாம் சாதாரணப் பேச்சாகிவிட்ட பிறகும் அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் பழைய எண்ணையே வைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.